மிக்-21க்கு 62 வயசு என்றால், எந்த மிக்-21க்கு?

27 செப்டம்பர் 2025, பள்ளிப்பட்டு நண்பர் கேட்டது

"நேற்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்துவிட்டார்கள். 1963இல் வந்தது, 2025இல் போகிறது. 62 வருஷம்! என் ஸ்கூட்டருக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று நாள் அலைந்தேன். போர் விமானத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாதா? இது பெருமையா, வெட்கமா?"

27 செப்டம்பர், இரவு

முதலில் கணக்கே தப்பு, தம்பி. 1963இல் வந்த விமானம் எதுவும் நேற்று பறக்கவில்லை. நேற்று இறங்கியவை பைசன். அதாவது மிக்-21 பிஸ் என்ற பிந்தைய வகை, எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நாசிக்கில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) செய்தது. 2000க்குப் பிறகு அவற்றில் 125 விமானங்களுக்குப் புது ராடாரும் புது ஏவுகணையும் வைத்துத் தேற்றினார்கள். நம் விமானப்படை வாங்கிய மிக்-21 மொத்தம் எண்ணூறுக்கும் மேல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால் பேரனுக்குத் தாத்தா வயசா ஆகிவிடும்?

ஆக ஒவ்வொரு விமானத்துக்கும் வயசு நாற்பதை ஒட்டி. அதுவும் சின்ன வயசு இல்லைதான்.

28 செப்டம்பர்

"நாற்பதும் அதிகம்தானே" என்கிறார். இருக்கலாம். ஆனால் நான் ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில் எட்டுத் தறி. நைனா 1978இல் போட்டார், அதுவும் ஒரு மில் கழித்துப் போட்டதை வாங்கிவந்து. அவற்றுக்கு வயசு சொல்லு என்றால் என்ன சொல்வேன்? இரண்டு பக்கத்து வார்ப்புச் சட்டமும்தான் பழசு. எட்டுத் தறியிலும் சேர்த்துக் கிராங்க் மூன்று முறை மாறியாயிற்று. பேரிங், பல்சக்கரம், நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடுவது) நிற்கிற பெட்டி, அடிக்கிற கட்டை எல்லாம் போன வருஷத்தியவை, போன மாசத்தியவை. மோட்டார் மட்டும் இரண்டு முறை காயில் கட்டியது.

பழைய விமானமும் இப்படித்தான். வருஷத்தைக் கேட்பதைவிட "எது மாற்றியது, எது மாற்றாதது" என்று கேட்பது மேல்.

28 செப்டம்பர், மதியம்

உதாரணம் கேட்டார்கள். அமெரிக்காவின் பி-52. முதல் பறப்பு ஏப்ரல் 1952. மொத்தம் 744 செய்தார்கள். இப்போது 76 இருக்கின்றன. எட்டு எஞ்சின். அதையும் கழற்றிவிட்டு ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின் மாட்டி 2050 தாண்டியும் ஓட்டப்போகிறார்கள். நூறு வயசு குண்டுவீச்சு விமானம்!

29 செப்டம்பர்

நேற்று எழுதியதை நானே திருத்திக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு "எந்த மிக்-21" என்று பாடம் எடுத்துவிட்டு, பி-52க்கு நானும் 1952இலிருந்தே எண்ணியிருக்கிறேன். இப்போது பறப்பவை எல்லாம் கடைசி வகை, எச். கடைசி விமானம் ஆலையை விட்டு வந்தது 1962இல். 2050 என்றால் 88 வயசு. நூறு இல்லை. சுட்டிக்காட்டிய பள்ளிப்பட்டுத் தம்பிக்கு ஒரு டீ கடன்.

2 அக்டோபர்

இன்று தறி ஓடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அரக்கோணத்தில் அத்தை வீடு. பள்ளி லீவு விட்டால் நகரியிலிருந்து ரயில் ஏறி அங்கே போய்விடுவேன். அங்கே ராஜாளி கடற்படை விமானத்தளம். இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதையை நீட்டி, நாலு கிலோமீட்டருக்கு மேல் ஆக்கியிருந்தார்கள். அவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டால், டியு-142க்கு. ரஷ்ய விமானம், கடலுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீர்மூழ்கி தேடுவதற்கு. நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் இரண்டு காற்றாடி, ஒன்று இப்படிச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம். மொத்தம் 32 இலை. இலையின் நுனி ஒலியின் வேகத்தை ஒட்டிச் சுற்றுவதால் வருகிற சத்தம் இருக்கிறதே, அதைச் சத்தம் என்று சொல்லக் கூடாது. அத்தை வீட்டுப் பரணில் எவர்சில்வர் குடம் குடமாக நடுங்கும். அத்தை அடுப்பைவிட்டு எழாமலேயே "வந்துட்டான் அண்ணன்" என்பாள்.

1988இல் நான் ஆறாவது. அந்த வருஷம்தான் முதலில் பார்த்தேன்.

3 அக்டோபர்

இல்லை, பார்த்திருக்க முடியாது. 1988இல் டியு-142 எட்டும் இந்தியா வரத் தொடங்கியது சரி, ஆனால் கோவாவுக்கு. அரக்கோணத்தில் ராஜாளி தளம் திறந்ததே 1992இல், அப்போதுதான் அவை இங்கே வந்தன. ஆக நான் பார்த்தது பத்தாவது படிக்கும்போது, அதுவும் பரீட்சை லீவில். பத்தாவதில் என்ன மார்க் என்று யாரும் கேட்க வேண்டாம். காரணம் மேலே பறந்துகொண்டிருந்தது.

3 அக்டோபர், இரவு

29 மார்ச் 2017இல் அரக்கோணத்திலேயே அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். 29 வருஷம். இடத்தைப் பிடித்தது பி-8ஐ (P-8I) என்ற ரோந்து விமானம். அது 2013இலேயே வர ஆரம்பித்துவிட்டது. போயிங் 737-800 உடம்புதான், பயணிகள் விமானம் மாதிரி பூனைபோலப் போகிறது. அத்தைக்குக் காது மந்தமானதா விமானம் மாறியதா என்று கடைசிவரை சந்தேகம்.

9 அக்டோபர்

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "பாகம் மாற்றிக்கொண்டே போனால் எத்தனை வருஷமும் ஓட்டலாமா?" என்று புத்தூர் அண்ணன் கேட்டார். கேட்டவர் ஊரிலேயே பதில் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயசில் நைனாவுக்கு மணிக்கட்டு உடைந்தது, தறியில் அடிக்கிற கட்டை பட்டு. சென்னைக்கு யாரும் போகவில்லை. நேரே புத்தூர் கட்டு. பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஒன்றரை மாசத்தில் கை பழையபடி நாடா வாங்கியது. எலும்பு உயிருள்ளது, விரிசல் விட்டால் தானே கூடும்.

அலுமினியம் அப்படித் தானே கூடாது. விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இறக்கை கொஞ்சம் மேலே வளையும், கீழே வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அந்த வளைவை அது மறக்காது. கம்பியை முன்னும் பின்னும் மடித்து ஒடிக்கிறோமே, அதேதான், ஆயிரக்கணக்கான முறை பரவி நடக்கிறது. ரிவெட் ஓட்டையின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கீறல் விழும். ஒருநாள் ஓடிவிடும்.

1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737 நடுவானில் கூரை கிழிந்து பறந்தது. படம் பார்த்திருப்பீர்கள், மேல்பாதி இல்லாமல் பயணிகள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பணிப்பெண் போனார், மற்ற எல்லாரும் பிழைத்தார்கள். விமானத்துக்கு வயசு 19தான். ஆனால் 89,680 முறை ஏறி இறங்கியது. தீவுக்குத் தீவு டவுன் பஸ் மாதிரி, கூடவே கடல் உப்பு. வருஷத்தைவிட, உள்ளே ஏற்றும் காற்றழுத்தத்தால் உடம்பு எத்தனை முறை ஊதிச் சுருங்கியது என்பதுதான் அதற்குக் கணக்கு. மறுபக்கம் பி-52 வாழ்நாளில் பெரும்பகுதி தரையில் காத்துக் கிடந்தது. அறுபது வயசானாலும் தினமும் பாரம் தூக்காத உடம்பு.

10 அக்டோபர்

புத்தூர் அண்ணன் விடவில்லை. "உன் தறிக் கிராங்க் இரும்பு. இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே தட்டில் வைக்காதே" என்கிறார். சரியான அடி. உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழேயே அழுத்தம் இருந்தால் கோடிமுறை வளைந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது, சின்ன வளைவும் கணக்கில் ஏறும். ஆக நாற்பத்தேழு வருஷத் தறியைக் காட்டி விமானத்தை நியாயப்படுத்த முடியாது.

ஆனால் என் கிராங்க் மூன்று முறை உடைந்ததே, அண்ணா? எல்லைக்கு மேலே ஓட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். நைனா காதில் இதைப் போடாதீர்கள்.

10 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மூன்றில் ஒன்றுக்கு நாங்கள் காரணம் இல்லை. "புதுசு" என்று ஒரு வியாபாரி விற்றது. பெயிண்ட் சுரண்டினால் உள்ளே பழைய வெல்டிங். நாலு மாசம் வந்தது.

விமானத்திலும் இது நடந்திருக்கிறது. 2007 நவம்பரில் அமெரிக்காவில் ஓர் எஃப்-15 போர் விமானம் பயிற்சியில் திரும்பும்போது இரண்டாக ஒடிந்தது. விமானி குதித்துப் பிழைத்தார். எல்லாரும் "கிழட்டு விமானம்" என்றார்கள். விசாரித்தால், உடம்பைத் தாங்கும் நீளச்சட்டம் ஒன்று வரைபடத்தில் சொன்னதைவிட மெல்லிசாக, ஆலையிலேயே அப்படிச் செய்யப்பட்டிருந்தது. பிறவிக் குறை கால் நூற்றாண்டு கழித்து வெளியே வந்தது. வயசு மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது.

19 அக்டோபர்

தீபாவளி ஆர்டர். ஒன்றும் எழுதவில்லை. ஊடை நூல் விலையைப் பற்றி எழுதினால் இங்கே யாரும் படிக்க மாட்டீர்கள்.

26 அக்டோபர்

ஹெலிகாப்டர் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. வயசு விஷயத்தில் அவைதான் பெரிய கூத்து.

அரக்கோணம் பக்கம் வயலில் நின்று பார்த்தவர்களுக்குச் சேத்தக் தெரியும். முன்னால் கண்ணாடிக் குமிழ், பின்னால் ஒல்லி வால். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி எடுப்பது ராஜாளியில்தான், சேத்தக்கில்தான். எருமைகள்கூடத் தலை தூக்குவதில்லை, அவ்வளவு பழக்கம். பிரான்சின் அலூயெட் 3 அது. முதல் பறப்பு 1959. எச்.ஏ.எல். 1962இல் உரிமம் வாங்கி, அறுபதுகளிலேயே பெங்களூரில் செய்ய ஆரம்பித்தது. இதிலும் அதே "எந்தச் சேத்தக்" கேள்விதான். 2019இல்கூட கடற்படைக்குப் புதுச் சேத்தக் கொடுத்தார்கள். அறுபது வயசு வரைபடம், பிறந்த குழந்தை உடம்பு.

அதன் தம்பி சீத்தா. நமக்காகவே பிறந்தது. மலை உச்சியில் ஏறக்கூடிய ஹெலிகாப்டர் வேண்டும் என்று 1968இல் இந்தியா கேட்க, பிரெஞ்சுக்காரர்கள் அலூயெட் 2 உடம்பில் அலூயெட் 3 எஞ்சினை மாட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர் லாமா. 1972இல் ழான் புலே என்ற விமானி அதில் 12,442 மீட்டர் ஏறினார், எவரெஸ்டைவிட மூன்றரை கிலோமீட்டர் மேலே. அந்தக் குளிரில் எஞ்சின் அணைந்துவிட்டது. காற்றிலேயே இறக்கையைச் சுழலவிட்டுத் தரைவரை இறங்கினார். சியாச்சினில் நம் ஆட்களுக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் கடிதமும் கொண்டுபோவது அதே சீத்தாதான்.

இவ்வளவு காலம் எப்படித் தாங்குகிறது என்பதற்கு எஞ்சினைப் பாருங்கள். ஆர்ட்டூஸ்ட் எஞ்சினுக்கு 870 குதிரைசக்தி வலு. ஆனால் 550க்கு மேல் கேட்காதபடி கட்டிவைத்திருக்கிறார்கள். மேலே காற்று மெலிந்து வலு குறையும்போது அந்த மிச்சம் கைகொடுக்கும், கீழே எஞ்சின் மூச்சுவாங்காது. நைனாவும் இதைத்தான் செய்தார். நிமிஷத்துக்கு 150 ஊடை ஓடக்கூடிய தறிக்குப் புல்லி மாற்றி 120இல் ஓட்டினார். பக்கத்துத் தெருக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் தறிகள் பழைய இரும்புக்குப் போய் வருஷமாயிற்று.

(பத்தாம் தேதி "எல்லைக்கு மேலே ஓட்டியிருக்கிறோம்" என்று எழுதினேன். 120க்கு மாற்றினது மூன்றாவது கிராங்க் உடைந்த பிறகுதான். இரண்டும் பொய்யில்லை.)

27 அக்டோபர்

ஹெலிகாப்டரில் இன்னொன்று சொல்ல மறந்தேன். விமானத்துக்கு இறக்கை சும்மா நிற்கிறது. ஹெலிகாப்டருக்கு இறக்கையே சுழல்கிறது, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வளைகிறது. ஆகவே சுழலும் இலை, தலைப்பகுதி, கியர்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மணிக்கணக்கு எழுதிவைப்பார்கள். மணி முடிந்தால் பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழற்றி எறிய வேண்டியதுதான். எங்கள் லேத்து மேஸ்திரி பாகத்தைக் கையில் எடுத்து ஒரு தட்டுத் தட்டி, "இதி சச்சிபோயிந்தி" என்பார். செத்துப்போச்சு என்கிறார், தெலுங்கில். பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும்.

2 நவம்பர்

"மாற்றுப் பாகம் கிடைக்காத அன்று?" இதுதான் சரியான கேள்வி. பள்ளிப்பட்டுத் தம்பி தேறிவிட்டார்.

ஜாகுவார் போர் விமானத்தைப் பாருங்கள். செய்த பிரிட்டனும் பிரான்சும் எப்போதோ நிறுத்திவிட்டன. 1979இல் வாங்கிய நாம் மட்டும் ஓட்டுகிறோம். உதிரிபாகத்துக்காகப் பிரான்ஸ் கழித்த ஜாகுவார்களையே கேட்டு வாங்கினோம். மில் மூடினால் நாங்களும் லாரியோடு போய் நிற்போம். ஒரு தறியைப் பிரித்து நாலு தறி ஓட்டும் கதை.

ஏஎன்-32 சரக்கு விமானத்தின் கதை வேறு. 1984 முதல் பறக்கிறது, உக்ரைனில் பிறந்தது. நூற்றுச்சொச்ச விமானங்களைப் புதுப்பிக்க 2009இல் ஒப்பந்தம். 2014இல் அந்த நாட்டில் கலவரம். பாகம் வருவது தடுமாறியது. விமானம் இங்கே நலமாக இருந்தது, அதன் தாய்வீடு இல்லை.

2 நவம்பர், பின்குறிப்பு

பாகம் இருந்தும் பொருந்தாத கதை ஒன்று. பிரிட்டனின் நிம்ராட். 1949இல் பறந்த காமெட் என்ற பயணிகள் விமானத்திலிருந்து வந்த கடல் ரோந்து விமானம். 2006இல் ஆப்கானிஸ்தான் மேலே ஒன்று தீப்பிடித்து 14 பேர் போனார்கள். கசிந்த எரிபொருள் சூடான குழாயில் பட்டதுதான் காரணம். அதே நிம்ராட்களின் உடம்பை வைத்துக்கொண்டு புது இறக்கை, புது எஞ்சின் மாட்டும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அளந்து செய்த புது இறக்கை, பழைய உடம்பில் உட்காரவில்லை. அறுபதுகளில் கையால் கட்டிய உடம்புகள், ஒன்றுக்கொன்று அளவு வேறு. 2010இல் திட்டத்தையே மூடிவிட்டு, செய்தவற்றையும் உடைத்துப் போட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு எங்கள் ஏழாம் தறிக் கிராங்கை எட்டாம் தறியில் வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. ஒரே மில், ஒரே லாரியில் வந்தவை.

15 நவம்பர்

விசாகப்பட்டினம் போய்வந்தேன், உறவில் ஒரு கல்யாணம். கல்யாணம் ஒரு மணி நேரம், அண்ணனைப் பார்த்தது மூன்று மணி நேரம். ஆமாம், டியு-142தான். 2017இல் அரக்கோணத்திலிருந்து தானே பறந்துபோய் அங்கே இறங்கி, பிரித்து, சாலையில் கொண்டுவந்து கடற்கரையில் நிறுத்தி மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். எதிரே குர்சுரா நீர்மூழ்கி. வாழ்நாளெல்லாம் நீர்மூழ்கி தேடியவனுக்கு ஓய்வுக்காலத்தில் எதிர்வீட்டிலேயே ஒன்று.

காற்றாடி இலையைக் கையால் தொட்டேன். அசையவில்லை. பரணில் குடம் நடுங்கிய அளவுக்கு இது பெரிசா என்று தோன்றியது. ஒருவேளை அத்தை வீடு சின்னது. பொண்ணு கேட்டாள், "இவ்ளோ பெரிசா இருக்கே, எப்படிப்பா மேலே போச்சு?" எதிர்ப்பக்கம் சுற்றும் இரண்டு காற்றாடி என்று ஆரம்பித்தேன். ஐஸ்கிரீம் வண்டி வந்துவிட்டது.

ஒரு கவலை. அலைக்கு எதிரே நிற்கிறது. அமெரிக்காக்காரன் பழைய விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் நிறுத்துவது எதற்கு? காய்ந்த காற்றில் துருப்பிடிக்காது என்றுதான். அங்கே ஏழு வருஷம் தூங்கிய ஒரு பி-52ஐ 2015இல் எழுப்பி மறுபடி ஓட்டினார்கள். விசாகப்பட்டினம் உப்புக்காற்றில் ஏழு வருஷம் நின்றால், பறப்பதை விடுங்கள், பெயிண்ட் நிற்காது.

23 நவம்பர்

பெருமையா வெட்கமா என்று மறுபடி கேட்கிறார் தம்பி. மிக்-21க்கு மாற்றாக நம் நாட்டுத் தேஜஸ் விமானம் நேரத்துக்கு வராதது வெட்கம். பைசனை அதுவரை தேற்றி ஓட்டிய தரைப் பணியாளர்களுக்குப் பெருமை. சீத்தாவுக்குப் பதிலாக ரஷ்யாவின் கா-226 வாங்க 2015இல் கையெழுத்திட்டதை இழுத்தடித்தது மறுபடி வெட்கம். ஒரே விமானத்தில் இரண்டும் இருக்கும். போதுமா?

30 நவம்பர்

ஏழாம் தறி மறுபடி நின்றது. மேஸ்திரியிடம் போனேன். எழுபத்துநாலு வயசு, கண்ணில் புரை எடுத்து ஒரு மாசம்தான் ஆகிறது. பையன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில், லேத்துப் பக்கம் வருவதில்லை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்தார். எங்கள் தறிகளுக்கு ஒவ்வொன்றாகப் பென்சிலால் வரைந்து, தமிழில் பாதி தெலுங்கில் பாதி அளவு எழுதியிருக்கிறார். "ஏழாம் தறி, கிழக்குப் பக்கம், ஒரு நூல் அளவு அதிகம்" என்று ஒரு குறிப்பு. நிம்ராட்காரர்களுக்கு இந்த நோட்டு இல்லை.

போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் பக்கம் இல்லை. எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று பிரித்துப் பார்த்தேன். "தேடாதே நைனா," என்றார், "அது ரெண்டும் இன்னும் உடைஞ்சதே இல்ல."